பரப்பைச் சொன்னால் முக்கோணம் வரைவது

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை வெங்கடகிரிகோட்டை, பலமநேர், சித்தூர் பக்கமாக வருகிறது. சித்தூர்–தச்சூர் ஆறுவழிச்சாலை நகரி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. இரண்டும் வயலும் மாந்தோப்பும் இருந்த இடத்தில் புதிதாகக் கோடு இழுத்துப் போடப்படும் சாலைகள். அந்தக் கோடு யாருடைய வரப்பையும் பார்த்து வளைவதில்லை. நான்கு மூலையுள்ள நிலத்தைச் சாய்வாக அறுத்துக்கொண்டு போகிறது. பல பட்டாக்களில் மிஞ்சுவது ஒரு முக்கோணம். ஏரிக்கரை ஓரத்திலும் மலையடிவாரத்திலும் ஏற்கெனவே ஒடுங்கிக் கிடக்கும் நிலங்கள் வேறு.

நாற்சதுர நிலத்தைப் பாதியாக்குவது எல்லாருக்கும் தெரியும். முக்கோண நிலத்தில்தான் கணக்கு கைவிட்டுப் போகிறது. சாலைக்கு இணையாக ஒரு வரப்பு போட்டு நிலத்தைச் சரிபாதியாக்க வேண்டும் என்றால், நீளத்தில் பாதியை அளந்து முளை அடித்துவிடுகிறார்கள். அப்படி அடித்த முளைக்கு மேலே, முனைப் பக்கம் கிடைப்பது பாதி நிலம் அல்ல, கால் நிலம். முனைப் பங்கை ஏற்றுக்கொண்டவருக்கு அரைப் பங்கில் பாதி போய்விடுகிறது. பத்திரம் பதிவான பிறகு இதைத் திருத்துவது பெரும் பாடு. முளை அடிப்பதற்கு முன் ஒரு தாள், கவராயம், அளவுகோல், மூலைமட்டம் இவற்றோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

விதி

ஒரு முக்கோணத்தின் பக்கங்களுக்கு நடுப்புள்ளி குறித்து, அந்த மூன்று புள்ளிகளையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே நான்கு சம முக்கோணங்கள் விழும். ஒவ்வொன்றும் பெரியதன் அதே வடிவம். பக்கம் பாதி, பரப்பு கால். பக்கங்களை மூன்றாகப் பிரித்து இணைகோடுகள் போட்டால் ஒன்பது முக்கோணங்கள் விழும். பக்கம் எத்தனை மடங்கோ, பரப்பு அதன் வர்க்கம். யூக்ளிடின் ஆறாம் நூலில் 19-ஆம் கூற்றாக இருப்பது இதுதான்.

நமக்கு வேண்டியது திரும்பி வரும் வழி. பரப்பின் விகிதம் கையில் இருக்கிறது. பக்கத்தின் விகிதம் தெரிய வேண்டும். அதற்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பரப்பு 4:9 என்றால் பக்கம் 2:3. பரப்பு 9:16 என்றால் பக்கம் 3:4. இந்த மாதிரி எண்கள் பாடநூலில் வரும். நிலத்தில் வருவதோ 1:2, 1:3, 2:5 போன்றவை. இவற்றின் வர்க்கமூலத்தை அளவுகோலில் நேராகக் குறிக்க முடியாது. வரைந்து எடுக்க முடியும்; அதுவும் துல்லியமாக.

அரைவட்ட முறை

முனையை க என்றும், சாலையோர அடிப்பக்கத்தின் இரு கோடிகளை ச, ட என்றும் வைத்துக்கொள்வோம். முனையிலிருந்து இரண்டு பக்கங்கள் இறங்குகின்றன: கச, கட. முனைப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு நிலம் வரும்படி, சாலைக்கு இணையாக ஒரு கோடு வேண்டும்.

முதலில் கச பக்கத்தில், முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் ப என்ற புள்ளியைக் குறியுங்கள். பரப்பில் என்ன பின்னம் வேண்டுமோ அதே பின்னத்தை நீளத்தில் குறிப்பதுதான் இந்தப் படி. நீளம் மூன்றால் சரியாக வகுபடாவிட்டால், க-விலிருந்து குறுங்கோணத்தில் ஒரு கதிர் இழுத்து, கவராயத்தால் மூன்று சம அளவுகள் குறித்து, கடைசிக் குறியை ச-வோடு சேர்த்து, முதல் குறியின் வழியாக அதற்கு இணைகோடு போட்டால் ப கிடைத்துவிடும். பத்தாம் வகுப்பில் வரைந்த அதே படம்.

அடுத்து, கச முழுவதையும் விட்டமாக வைத்து அரைவட்டம் போடுங்கள். வட்ட மையம் கச பக்கத்தின் நடுப்புள்ளி. முக்கோணத்துக்கு வெளிப்புறமாகப் போட்டால் கோடுகள் குழம்பாது. ப-விலிருந்து கச பக்கத்துக்குச் செங்குத்து எழுப்பி, அது அரைவட்டத்தை வெட்டும் இடத்தை ம என்று குறியுங்கள்.

இப்போது கவராயத்தின் முள்ளை க-வில் ஊன்றி, பென்சிலை ம-வில் வைத்து, கச பக்கத்தை வெட்டும்படி ஒரு வில் இழுங்கள். வெட்டும் புள்ளி த. மூலைமட்டத்தை அளவுகோலில் பதித்து நகர்த்தி, த வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாகக் கோடு போடுங்கள். அது கட பக்கத்தை வெட்டும் இடம் ந. க, த, ந சேர்ந்த சிறு முக்கோணம் முழு நிலத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் இதை மனப்பாடம் செய்தால் ஒரு நாள் செங்குத்தை இடம் மாற்றி எழுப்பிவிடுவோம். அரைவட்டத்தில் ம-விடம் உள்ள கோணம் செங்கோணம். அந்தச் செங்கோணத்திலிருந்து ப-வுக்கு விழும் கோடு க, ம, ச முக்கோணத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அவற்றில் முனைப் பக்கத்துச் சிறு முக்கோணம் முழுதுக்கும் வடிவொத்தது. எனவே கப-வுக்கு கம எந்த விகிதமோ, கம-வுக்கு கச அதே விகிதம். கம-வின் வர்க்கம், கப-வையும் கச-வையும் பெருக்கினால் வருவது. கப என்பது கச-வில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கம-வின் வர்க்கம் கச-வின் வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. கத-வின் நீளம் கம-வின் நீளமே. பரப்பு பக்கத்தின் வர்க்கமாக நடப்பதால், பரப்பும் மூன்றில் ஒன்று.

பெரிதாக்கவும் இதே முறைதான். பரப்பு இரண்டரை மடங்கு வேண்டும் என்றால், கச பக்கத்தை நீட்டி, முனையிலிருந்து இரண்டரை மடங்கு தூரத்தில் ப-வைக் குறியுங்கள். அரைவட்டத்தின் விட்டம் இப்போது கப. செங்குத்து எழுவது ச-வில். மற்றவை மாறாது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, பல பங்குகளுக்கு ஒரே அரைவட்டம் போதும் என்பதுதான். மூன்று பங்காளிகள் என்றால் கச பக்கத்தை மூன்று சம பாகமாக்கி, இரண்டு புள்ளிகளிலும் செங்குத்து எழுப்பி, இரண்டு வில் இழுத்தால் வரப்பு இரண்டும் வந்துவிடும். ஐந்து பங்கு, சமமில்லாத பங்கு எல்லாவற்றுக்கும் இதே படம் நிற்கும்.

ஒரு நிலம், எண்களோடு

ச-விடம் செங்கோணம் உள்ள நிலம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கச 120 மீட்டர், சாலையோரம் சட 90 மீட்டர், சாய்வுப் பக்கம் கட 150 மீட்டர். பரப்பு 5,400 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஆகவே 133.44 சென்ட், அதாவது ஒரு ஏக்கர் முப்பத்து மூன்றரை சென்டுக்குக் கொஞ்சம் குறைவு.

முனைப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு, 44.48 சென்ட், பிரிக்க வேண்டும். 3-இன் வர்க்கமூலம் 1.732. முனையிலிருந்து கச பக்கத்தில் 120-ஐ 1.732-ஆல் வகுத்தால் 69.28 மீட்டர். சாய்வுப் பக்கத்தில் 150-ஐ வகுத்தால் 86.60 மீட்டர். இந்த இரண்டு இடத்திலும் முளை. இரண்டு முளைக்கும் இடையே வரப்பின் நீளம் 51.96 மீட்டர் வர வேண்டும். அதை டேப் பிடித்து அளந்து பாருங்கள். அளவு ஒத்துவந்தால் வரப்பு சாலைக்கு இணையாக நிற்கிறது என்று பொருள். மூன்று பங்காக வெட்டுவதானால் இரண்டாவது முளை கச பக்கத்தில் 97.98 மீட்டரில். முனையிலிருந்து சாலை வரை மூன்று பங்குகளின் ஆழம் 69.28, 28.70, 22.02 மீட்டர். சாலையோரப் பங்கு பார்வைக்குச் சிறுத்துத் தெரியும். பரப்பு மூன்றிலும் ஒன்றே. இதைப் பங்காளிகளுக்கு வரைபடத்தில் முன்கூட்டிக் காட்டிவிட வேண்டும். நிலத்தில் போய் நின்ற பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வரைபடத்தை மட்டும் நம்பி முளை அடிக்கலாமா? கூடாது. 1:1000 அளவில் வரைந்தால் 120 மீட்டர் தாளில் 12 செ.மீ. பென்சில் முனை அரை மில்லிமீட்டர் விலகினால் நிலத்தில் அரை மீட்டர் விலகும். மேலே சொன்ன வரப்பில் அரை மீட்டர் விலகல் ஏறக்குறைய 26 சதுர மீட்டர், 280 சதுர அடி. திருப்பதியைச் சுற்றி மனைக்குப் பிரிக்கும் இடத்தில் அது ஒரு அறையின் பரப்புக்கும் மேல். ஆகவே முளைக்கு எண்ணைப் பயன்படுத்துங்கள். எண் சரிதானா என்று பார்க்க வரைபடத்தைப் பயன்படுத்துங்கள். இரண்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் முரண்பட்டால் ஏதோ ஒன்றில் பிழை இருக்கிறது. கண்டுபிடிக்காமல் வயலுக்குப் போகாதீர்கள்.

எல்லாப் பங்கும் சாலையைத் தொட வேண்டும் என்றால் இணைவரப்பே வேண்டாம். சாலையோரப் பக்கத்தை வேண்டிய விகிதத்தில் பிரித்து, அந்தப் புள்ளிகளை முனையோடு சேர்த்துவிடுங்கள். உயரம் பொதுவாக இருப்பதால் அங்கே பரப்பு அடிப்பக்கத்தின் விகிதத்திலேயே வரும், வர்க்கமூலம் தேவையில்லை. வழி விவகாரம் வராது என்பதால் பாகப்பிரிவினைக்கு நான் பரிந்துரைப்பது பெரும்பாலும் இதைத்தான். கிணறு முனைப் பக்கம் இருந்தாலோ, சாலையோரத் துண்டை மட்டும் விற்பதானாலோ, மாமரங்கள் சாலைக்கு இணையான வரிசையில் நின்றாலோ இணைவரப்பு வேண்டியிருக்கும். அப்போது பின்பங்குகளுக்கு வழியையும் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கயிற்றால் செய்தவர்கள்

தரையில் கயிறும் முளையும் கொண்டு, வடிவம் மாறாமல் பரப்பை மட்டும் கூட்டும் வேலை இந்த நாட்டில் மிகப் பழையது. ஆந்திரத்தில் யஜுர்வேதத்தின் தைத்திரீயக் கிளையினர் பெரும்பாலும் பின்பற்றும் ஆபஸ்தம்ப சூத்திரத்தில் சுல்ப சூத்திரம் ஒரு பகுதி. சுல்பம் என்றால் கயிறு. வேள்விக்கான செங்கல் மேடையை எப்படி அளந்து கட்டுவது என்பதுதான் அதன் விஷயம். பருந்து வடிவ மேடையின் முதல் அளவு ஏழரை சதுர புருஷம். ஒரு புருஷம் 120 அங்குலம். இது பழைய விரற்கடை அங்குலம். அடுத்த முறை கட்டும்போது ஒரு சதுர புருஷம் கூட்டி எட்டரை ஆக்க வேண்டும். வடிவம் மாறக் கூடாது.

இன்னொரு சுல்ப சூத்திரத்தின் ஆசிரியரான போதாயனர் இதற்குச் சொல்லும் வழி தெளிவானது. கூட்ட வேண்டிய பரப்பைப் பதினைந்து பாகமாக்கி, ஒவ்வொரு அலகுச் சதுரத்தோடும் இரண்டு பாகம் சேர்க்க வேண்டும். அலகுச் சதுரம் 15-இலிருந்து 17 ஆகிறது. ஏழரை எட்டரை ஆகிறது. பரப்பு 15:17. அந்தப் புதிய சதுரத்தின் பக்கத்தைக் கயிற்றால் கண்டுபிடித்து, அதையே புது அளவுகோலாக வைத்து மேடை முழுவதையும் கட்டினால் வடிவம் அப்படியே இருக்கும். எண்ணில் பார்த்தால் 120 அங்குல அளவுகோல் 127.75 அங்குலம் ஆகும். நம் முக்கோணத்திலும் செய்வது இதுவே: ஒரு பக்கத்துக்குப் புது அளவு கண்டுபிடித்துவிட்டால் மற்ற இரண்டும் அதன் பின்னால் வந்துவிடும்.

முக்கோண மேடையும் அவர்களிடம் உண்டு. பிரௌகம் என்று பெயர். வேண்டிய பரப்புக்கு இரண்டு மடங்காக ஒரு சதுரம் எடுத்து, ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கத்தின் இரு மூலைகளுக்கும் கயிறு இழுத்தால் போதும். 2-இன் வர்க்கமூலத்துக்கு அவர்கள் தந்த எண் 577-ஐ 408-ஆல் வகுத்தால் வருவது. அதைக் கொண்டு 100 மீட்டர்ப் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தை அளந்தால் பிழை கால் மில்லிமீட்டர்கூட வராது.

அரைவட்ட முறையைத் தரையிலும் செய்யலாம். 120 மீட்டர்ப் பக்கத்தின் நடுவில் முளை. அதில் 60 மீட்டர்க் கயிறு. முனையிலிருந்து 40 மீட்டரில் 3, 4, 5 அளவில் மூலைமட்டம் பார்த்துச் செங்குத்து. கயிற்றின் நுனி செங்குத்தைத் தொடும் இடத்திலிருந்து முனைக்கு அளந்தால் 69.28 வர வேண்டும். தேங்காய்நார்க் கயிறு இழுவையில் நீளும். நீளாத கம்பியோ எஃகு டேப்போ எடுத்துக்கொள்ளுங்கள்.

என்.சி.இ.ஆர்.டி. 2022-23-இல் பாடத்தைக் குறைத்தபோது பத்தாம் வகுப்புக் கணித நூலிலிருந்து வரைமுறை அத்தியாயத்தையும், வடிவொத்த முக்கோணங்களின் பரப்புப் பகுதியையும் எடுத்துவிட்டது. நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் பயன்படக்கூடிய இரண்டு பகுதிகள் அவை. உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் மேலே உள்ள படத்தை ஒரு முறை அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

நகல் எடுத்த வரைபடம்

சர்வே அலுவலகத்தில் வாங்கிய புலப்படத்தை ஜெராக்ஸ் கடையில் நகல் எடுக்கிறோம். ஏ3 தாளை ஏ4-க்குக் குறைக்கும்போது இயந்திரத்தில் 71 சதவீதம் என்று வரும். ஏ4-ஐ ஏ3 ஆக்கும்போது 141. தாளின் பரப்பு பாதியாகிறது அல்லது இரட்டிக்கிறது. பக்கம் 2-இன் வர்க்கமூலப்படி மாறுகிறது. படத்தின் ஓரத்தில் அச்சான 1:1000 மட்டும் அப்படியே இருக்கும். குறைத்த நகலின் உண்மையான அளவு ஏறத்தாழ 1:1414. அந்த நகலில் அளவுகோல் வைத்து 1:1000 என்று நம்பிப் பரப்புக் கணக்கிட்டால் உங்கள் நிலம் காகிதத்தில் பாதியாகிவிடும். நகலில் அளக்காதீர்கள். அளந்தே ஆக வேண்டுமானால், நீளம் எழுதப்பட்ட ஒரு பக்கத்தை முதலில் அளந்து, நகலின் அளவைக் கண்டுபிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.

சாலைக்கு ஒரு பட்டை போனால்

இந்த அத்தியாயத்தில் மிகவும் காசு பெறும் பகுதி இது. சாலையோர முக்கோண நிலத்திலிருந்து சாலைக்கு இணையாக ஒரு பட்டையைக் கையகப்படுத்துகிறார்கள். மிஞ்சும் நிலம் பழைய முக்கோணத்துக்கு வடிவொத்தது. ஆகவே இழப்பைக் கணக்கிட வர்க்கம் வேண்டும்.

சாலையோரம் 90 மீட்டர், சாலையிலிருந்து முனைக்குச் செங்குத்தாக ஆழம் 60 மீட்டர். பரப்பு 2,700 சதுர மீட்டர், 66.72 சென்ட். 10 மீட்டர்ப் பட்டை போகிறது. ஆழத்தில் ஆறில் ஒரு பங்கு போனதால் நிலத்திலும் ஆறில் ஒரு பங்கு, 11 சென்ட் சொச்சம்தான் போகிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மிஞ்சும் ஆழம் 50. 60-இல் 50 என்பதை வர்க்கமாக்கினால் 36-இல் 25. மிச்சம் 1,875 சதுர மீட்டர். போனது 825 சதுர மீட்டர், 20.39 சென்ட். சரிபார்க்க: பட்டையின் வெளிவிளிம்பு 90, உள்விளிம்பு 75, சராசரி 82.5, அகலம் 10. பெருக்கினால் அதே 825. தவறாக எண்ணியவர் ஒன்பது சென்டுக்கும் மேல் இழப்பீட்டை விட்டுவிடுவார்.

நிலம் திரும்பி நின்று முனை சாலைப் பக்கம் இருந்தால் அதே 10 மீட்டர் 75 சதுர மீட்டரை மட்டுமே எடுக்கும். இரண்டு சென்டுகூட இல்லை. எந்தப் பக்கம் சாலையைப் பார்த்து நிற்கிறது என்பதைப் பொறுத்து இழப்பு பதினோரு மடங்கு மாறுகிறது.

எதிர்த்திசையிலும் பாருங்கள். அறிவிக்கையில் இந்த நிலத்திலிருந்து 15 சென்ட் என்று போட்டிருக்கிறது. எல்லைக்கல் எங்கே நிற்க வேண்டும்? மிச்சம் 51.72 சென்ட். 66.72-ஆல் வகுத்தால் 0.775, வர்க்கமூலம் 0.880, 60 மீட்டரில் அது 52.83. ஆகவே கல் சாலையோரத்திலிருந்து 7.17 மீட்டரில் நிற்க வேண்டும். கல் 10 மீட்டர் உள்ளே நின்றால், காகிதத்தில் 15 சென்டும் நிலத்தில் 20 சென்டுக்கு மேலும் எடுக்கிறார்கள் என்று பொருள். இதே கணக்கை அரைவட்டத்தால் ஒரு தாளில் வரைந்து காட்டலாம். எண்ணைப் பார்த்துத் தயங்குபவருக்கும் படம் விளங்கும்.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-இன்கீழ் 3ஏ அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஆட்சேபம் தெரிவிக்க 3சி பிரிவு 21 நாள் தருகிறது. அறிவிக்கையில் உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே எழுதிய பரப்பைப் பாருங்கள். கல் நட்டிருந்தால் இரண்டு பக்கத்திலும் அதன் தூரத்தை அளந்து மேலே சொன்னபடி கணக்கிடுங்கள். பொருந்தாவிட்டால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். மூன்று பக்கங்களின் நீளம், கல்லின் தூரம், உங்கள் கணக்கு, அளவோடு வரைந்த படம் எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்து, கெடு முடிவதற்குள் உரிய அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.